சிறு வெற்றியும் உடன் மகிழ்தலும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அணித்தாக, எம் தமக்கையார் குடும்பத்தினர் கரும்பும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்ந்து வருகின்றனர். சென்ற கோடையில் யாம் அங்குச் சென்று சில நாள் தங்கியிருந்தோம். ஒருநாள் காலை, வெயில் ஏறுமுன், களத்துமேட்டிலிருந்து பெருங்கூச்சல் எழுந்தது. யாரையோ பாம்பு தீண்டிவிட்டது போலும் என்று அஞ்சி விரைந்து சென்றோம். தமக்கையாரின் பேரன், பதின்மூன்று வயதுச் சிறுவன், தன் நாயைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான்.

"தாத்தா, ஆறு வந்துடுச்சு! மணி ஆறு கொம்பு விடாம வந்துட்டான்!"

களத்தில் பன்னிரண்டு சவுக்குக் கொம்புகள் ஒரே வரிசையில் நடப்பட்டிருந்தன. நாய் முதற்கொம்புக்கு வலப்புறமாக நுழைந்து, அடுத்ததற்கு இடப்புறமாக வளைந்து, இவ்வாறே பாம்பு நெளிவது போலப் பன்னிரண்டையும் கடக்கவேண்டும். சற்றுத் தள்ளி வேப்பங்கிளையில் ஒரு சைக்கிள் டயர் தொங்கிற்று. கிணற்றுக்கு இறக்காமல் எஞ்சிய சிமெண்டு உறைகள் நான்கு, படுக்கவைத்து ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டுக் குகை போலக் கிடந்தன. செங்கல் அடுக்கின்மீது ஒரு நீண்ட பலகை. கைப்பேசியில் எங்கோ அயல்நாட்டுப் போட்டியைப் பார்த்துவிட்டுத் தானே அமைத்துக்கொண்டதாகச் சொன்னான்.

யாம் சிரித்தோம். "பன்னிரண்டில் ஆறு தானே? பாதிக் கிணறு தாண்டினவனுக்கு எவனாவது மாலை போடுவானா?" என்றோம். பழமொழி கையில் இருந்தால் அதை வீசாமல் இருக்க முதியோரால் இயலுவதில்லை. சிறுவன் குதிப்பதை நிறுத்தினான். நாய் மட்டும் வாலாட்டிக்கொண்டிருந்தது. எமது அந்தச் சிரிப்பே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

இவ்விளையாட்டை ஆங்கிலத்தில் 'அஜிலிடி' என்பர். நாம் தடைதாண்டல் என்று கொள்ளலாம். 1978-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே கூட்டம் சலிப்படையாதிருக்கக் குதிரைத் தடைதாண்டலை ஒட்டி ஒரு வேடிக்கையாக இது தோன்றியது. ஜான் வார்லி என்பார் எண்ணியதைப் பீட்டர் மீன்வெல் என்னும் பயிற்சியாளர் செயற்படுத்தினார். 1980-இல் பிரிட்டனின் கெனல் கிளப் இதற்கு விதி வகுத்து ஏற்றுக்கொண்டது. அமெரிக்கக் கெனல் கிளப் 1994-இல் ஏற்றது. 1996-இலிருந்து உலகப் போட்டியே நடைபெறுகிறது. நம் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கண்டிருப்பது காவல்துறையின் மோப்ப நாய்கள் தடை தாண்டிக் காட்டும் வித்தைகளையே. ஏற்காட்டுக் கோடை விழாவில் நாய்க் கண்காட்சியைக் கண்டவர் நம் வாசகருள்ளும் பலர் இருப்பர்.

இதன் விதிகளைச் சிறுவன் வாயிலாகவும் பின்னர் நூல்வாயிலாகவும் அறிந்தபோது, சிரித்ததற்காக எமக்கு முதன்முறை வெட்கம் உண்டாயிற்று. களத்தில் நாயின் கழுத்தில் வார் கட்டி இழுக்கக்கூடாது. அதனைக் கையால் தொடவும் கூடாது. தின்பண்டமோ பந்தோ காட்டி ஈர்க்கக்கூடாது. உடையவர் உடன் ஓடலாம், குரலாலும் கைச்சாடையாலும் வழி சொல்லலாம், அவ்வளவே. பதினைந்து முதல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட தடைகள் வரை இருக்கும். அவற்றின் வரிசை ஒவ்வொரு போட்டிக்கும் மாறும். உடையவர் முன்னதாக நாயின்றித் தனியே அப்பாதையை நடந்து பார்த்து மனத்திற் கொள்வார். நாயோ ஓடும்போதுதான் அதனை முதன்முதலாகக் காண்கிறது. ஆகவே நாய் தவறிய இடங்களிற் பல, உண்மையில் உடையவர் கையைக் காலந்தாழ்த்திக் காட்டிய இடங்களாகவே இருக்கும் என்பர்.

இன்னொன்று. இங்கே மதிப்பெண் என்று ஈட்டுவது ஒன்றும் இல்லை; எண்ணப்படுவது பிழையே. குறுக்குக் கோலைத் தட்டினால் 5 பிழை. தடையின்முன் தயங்கி விலகினால் 5. சாய்பலகையின் கீழ்ப்பகுதியில் வேறு நிறம் பூசிய இடத்தில் கால் வையாமல் மேலிருந்தே குதித்துவிட்டால் 5. அந்த நிறப்பகுதியும் அழகுக்காக இட்டதன்று. உயரத்திலிருந்து குதித்து நாய் மூட்டை முறித்துக்கொள்ளாதிருக்க இட்டது. எல்லாவற்றையும் குறித்த நேரத்துள் குறைவறக் கடந்த நாய் பெறும் எண் சுழியம். சுழியமே நிறைவு! நம் சமயத்தில் வளர்ந்தோர்க்கு இக்கணக்கு புதிதன்று. புதிய வினை ஊற்றுச் செறிக்கப்பட்டு, பழைய வினை உதிர்ந்து, எஞ்சுவது ஒன்றுமில்லை என்னும் நிலையே நாம் வேண்டுவது. சேர்ப்பதால் வரும் பெருமையன்று அது. கழிவதால் வரும் தூய்மை. விளையாட்டை வீடுபேற்றோடு ஒப்பிடும் அளவுக்கு எமக்குத் துணிவில்லை. எண்ணும் முறை ஒத்திருக்கிறது என்பதே எம் கருத்து.

மேலும், பல நாடுகளில் இப்போட்டியின் தகுதிப் பட்டங்கள் பிறரை வென்றால்தான் கிடைக்கும் என்பதில்லை. குறித்த அளவில் குறித்த நேரத்தில் ஓடி முடித்த ஒவ்வொரு நாயும் தகுதி பெற்றதாகவே கொள்ளப்படும். பத்து நாய்கள் ஓடிப் பத்தும் தகுதி பெறலாம். அன்று ஒன்றுமே பெறாமலும் போகலாம். ஒருவன் மகிழ வேண்டுமானால் மற்றொருவன் அழவேண்டும் என்ற கட்டாயம் அங்கில்லை. சேவற்சண்டையிலும் சீட்டாட்டத்திலும் இவ்வாறு சொல்ல இயலுமோ?

இனி, ஆறு கொம்புக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பதைச் சொல்ல வேண்டும். நாய்க்கு ஓடுதல் இயல்பு, தாவுதல் இயல்பு, குகைக்குள் நுழைதலும் இயல்பு. கொம்புகளுக்கு இடையே உடலை மாற்றி மாற்றி வளைத்துச் செல்லுதல் எந்த நாய்க்கும் இயல்பன்று. ஆகையால் அதனை முழுவதுமாகக் கற்பிக்க முடியாது. துண்டு துண்டாகவே கற்பிக்க வேண்டும். முதலில் இரண்டே கொம்பு. அவற்றிடையே தற்செயலாக நுழைந்தாலும் உடனே பாராட்டு. 'உடனே' என்பது இங்கே முதன்மையானது; நாய் செய்ததற்கும் மகிழ்ச்சிக்கும் இடையே சில நொடி கழிந்தாலும் எதற்காகப் பாராட்டப்பட்டோம் என்பதை அது அறியாது. பின்னர் நான்கு, பின்னர் ஆறு. பன்னிரண்டும் வந்த பிறகே மகிழ்வோம் என்று காத்திருப்பவனுடைய நாய் பன்னிரண்டை ஒருபோதும் எட்டுவதில்லை. இடையிலேயே மனம் தளர்ந்து, மூக்கைத் தரையில் வைத்து மோந்துகொண்டே விலகிப் போய்விடும். எனவே சிறு வெற்றியைக் கொண்டாடுதல் இக்கலையில் உபசாரம் அன்று. கற்றல் நிகழும் வழியே அதுதான். எம் சிறுவன் கொம்புக்கு ஒன்றாகப் பொட்டுக்கடலை கொடுத்துவந்தான். அவன் சட்டைப்பை எப்போதும் பொட்டுக்கடலைப் பொடியால் நிறைந்திருக்கும் என்று அவன் தாயார் குறைப்பட்டுக்கொண்டது வேறு கதை.

யாம் சிரித்த அன்று மாலை நிகழ்ந்ததைக் கூறவேண்டும்; மறைக்க விரும்பினும் கூறாமல் இக்கட்டுரை நடவாது. தாத்தாவின் முன் பன்னிரண்டையும் காட்டிவிட வேண்டும் என்று சிறுவன் உறுதி கொண்டான். கரும்பு வெட்ட வந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்றனர். தரையில் பகல் வெப்பம் இன்னும் அடங்கவில்லை. நாய் முதல் முறை ஐந்தாவது கொம்பில் விலகியது. இரண்டாம் முறை நான்காவதில். மூன்றாம் முறை உள்ளே நுழையவே இல்லை. யாரோ நகைத்தார். சிறுவன் கொம்பு ஒன்றைப் பிடுங்கி நாயை அடித்தான். ஓரடிதான். நாய் ஓலமிட்டு ஓடிச் சென்று சிமெண்டு உறைக்குள் ஒடுங்கிக்கொண்டது. தமக்கையார் வாசலிலிருந்து ஒரு சொல்லும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயுமுன் உண்ணும் வீடு அது. அன்று சிறுவனும் உண்ணவில்லை. நாயும் வெளியே வரவில்லை.

அவ்வடியை யார் அடித்தது? கை சிறுவனுடையது. எனினும் தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்பட்டு மகிழ்தல் என வினை மூவழியாலும் வந்து சேரும் என்று நம் ஆசிரியர்கள் கிருதம், காரிதம், அனுமோதனம் என்ற சொற்களால் வகுத்துள்ளனர். அடிக்கச் சொல்லவில்லையே என்று அன்றிரவு எம்மை நாமே தேற்றிக்கொண்டோம். ஆனால் ஆறு கொம்பில் அவன் கண்ட மகிழ்ச்சியைப் பறித்து, பன்னிரண்டு இல்லையேல் ஒன்றுமில்லை என்னும் எண்ணத்தை அவனுள் விதைத்தது யாம் அன்றோ? மகிழத் தகாததில் மகிழ்வது எவ்வாறு குற்றமோ, அவ்வாறே மகிழத் தக்கதில் மகிழாமல் நகைப்பதும் ஒரு வினையே என்பதை எழுபது வயதுக்குப் பின் ஒரு களத்துமேட்டில் கற்றோம்.

அனுமோதனம் என்றவுடன் நாம் பெரும்பாலும் பாவத்தையே நினைக்கிறோம். அது நன்மைக்கும் உரிய சொல். தானம் செய்தவனைக் கண்டு மனமார மகிழ்ந்தவனும் அத்தானத்தில் பங்கு பெறுகிறான் என்று நம் புராணங்கள் பலகாலும் சொல்கின்றன. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் நான்கு பாவனைகளைக் கூறுவார். எல்லா உயிரிடத்தும் நட்பு, துன்புறுவோரிடம் இரக்கம், திருந்தாதோரிடம் நடுநிலை ஆகிய மூன்றையும் நாம் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்கிறோம். குணத்தால் உயர்ந்தோரைக் கண்டு மகிழும் பிரமோதம் என்பதை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். இரக்கப்படுவது எளிது, இரங்குபவன் மேலே நிற்கிறான். பிறன் ஒருவனுடைய ஏற்றத்தில் மகிழ்வதற்கு நாம் சற்றே கீழே இறங்கி நிற்கவேண்டியிருக்கிறது. அதிலும் அவன் ஏற்றம் மிகச் சிறியதாயின் அதைக் காணக் கூரிய கண்ணும் வேண்டும்.

இங்கே ஒரு குறையைச் சொல்ல விரும்புகிறோம், அன்பர்கள் பொறுத்தருள்க. நம்மவருள் ஒருவர் பல நாள் உண்ணாநோன்பு முடித்தால் படத்துடன் விளம்பரப் பலகை எழுகிறது, மேளம் வருகிறது. அது நன்றே. ஆயின் இரவுணவை விடமுடியாமல் பல ஆண்டு தவித்த ஒருவர் ஒரு திங்கள் முழுதும் அதனைக் காத்தார் என்றால், அவரை யார் பாராட்டுகின்றனர்? "இதென்ன பெரிய காரியம், நம் வீட்டுக் குழந்தையும் செய்கிறதே" என்போம். பாதிக் கிணறு! சமந்தபத்திராசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் எண்வகைச் செருக்கைக் கூறுமிடத்து, அறிவு, மதிப்பு, குலம், சாதி, வலிமை, செல்வம், உருவம் என்பவற்றோடு தவத்தையும் சேர்த்தே எண்ணினார். பெரிய வெற்றியின் கொண்டாட்டத்தில் செருக்கு எளிதில் ஒளிந்துகொள்ளும். ஆறு கொம்பைக் கடந்ததற்காக எவரும் நெடுநாள் செருக்கடைய முடியாது. ஏழாவது கொம்பு அங்கேயே நிற்கிறது.

செருக்கைப் பற்றிப் பேசும்போது, வெற்றி யாருடையது என்ற வினாவும் எழும். கோப்பையை நாய் அறியாது. பட்டத்தை அறியாது. அது அறிவது, ஓடினோம், உடனிருந்தவன் முகம் மலர்ந்தது, கடலை கிடைத்தது என்பதே. ஆகவே கொண்டாட்டம் களத்திலேயே நாய்க்குச் செலவாகிவிட்டால் அதில் குற்றமில்லை என்று எமக்குத் தோன்றுகிறது. அதை நாயிடமிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டி, 'என் நாய்' என்பதிலுள்ள 'என்' வளரும்போதுதான் நோய் தொடங்குகிறது. அந்நோய் முற்றினால் அடுத்த முறை தோற்ற நாய் அடிபடுகிறது.

கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை அதே ஏழாம் அத்தியாயம் கூறுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தராது தடுத்தல். மாடும் குதிரையும் உழைத்த காலத்தில் சொன்னவை என்று இவற்றை ஒதுக்கிவிடலாகாது. நாய்ப் பயிற்சியில் இவ்வைந்தையும் இன்றும் காண்கிறோம். நாள் முழுதும் சங்கிலி. பிழைக்குப் பிரம்பு. அழகுக்கென்று காதை வெட்டுவதும் வாலை நறுக்குவதும். எலும்பு முற்றாத குட்டியை உயரத் தாவச் செய்தல் அளவிறந்த பாரம் அல்லாமல் வேறென்ன? பதினெட்டுத் திங்கள் நிறையாத நாய் போட்டியில் இறங்கக்கூடாது என்று பிரிட்டனின் கெனல் கிளப் விதித்திருப்பது இதனை உணர்ந்தே. பசித்த நாய் சொன்னபடி கேட்கும் என்று பட்டினி போட்டுப் பழக்குவோரும் உளர், அது ஐந்தாவது. 1960-ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் பதினோராம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அடித்தல், மிகை பாரம், நெடுநேரம் கட்டிவைத்தல், உறுப்புச் சிதைத்தல், உணவும் நீரும் தராமை எல்லாம் அங்கே குற்றங்களாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட நம் சூத்திரத்தின் ஐந்தும் அதிற் காணப்படுவது கண்டு யாம் வியந்தோம். சட்டம் பிறரைப் பிடிப்பதற்கு, அதிசாரம் நம்மை நாமே பிடிப்பதற்கு என்பதே வேறுபாடு.

"எல்லாம் சரி, சிராவகர் வீட்டில் நாய் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. எம் தமக்கையாரும் முதலில் அவ்வாறே கேட்டார். பிற உயிரைக் கொல்லும் விலங்கை வளர்த்தலை நம் ஒழுக்க நூல்கள் விரும்புவதில்லை என்பது உண்மை. மணி வந்த கதை வேறு. கல்வராயன் மலையில் நாய் என்பது அலங்காரமன்று. பட்டிக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் அது காவல், முன்னாளில் வேட்டைத்துணை. மலையிலிருந்து இறங்கி வந்த உழவர் ஒருவர், ஈற்றில் மெலிந்து பிறந்த குட்டியொன்றை வேண்டாமென விட்டுச் சென்றார். சாகட்டும் என்று விடுவதா? நூலில் விலக்கு இருந்தது. வாசலில் உயிர் இருந்தது. தமக்கையார் பால் வைத்தார். சீவக சிந்தாமணியில் அடிபட்டு இறக்கும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரம் ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னாளில் அவனைக் காத்த கதையை நாம் அறிவோம். அதை நினைந்து 'சுதஞ்சணன்' என்றே பெயரிட விரும்பினார். களத்துமேட்டில் நின்று அப்பெயரைக் கூவ எவர் நாவும் வளையாமையால் 'மணி' ஆயிற்று.

வளர்ந்தபின் அதன் உடல்வாகு தெரிந்தது. ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். சிப்பிப்பாறையும் கன்னியும் போன்ற ஓட்ட நாயின் சாயல். நம் தென்பாண்டி நாட்டு இந்நாய்கள் முயலை ஓடிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டவை. நாட்டு நாய்களுக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. 2005-இல் அஞ்சல் துறை இராசபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. 2020-இல் பிரதமர் தம் வானொலி உரையில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் போற்றினார். மகிழ்ச்சியே. ஆயினும் அவ்வேகம் எதன்பொருட்டு அவ்வுடலில் ஏற்றப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இத்தடைதாண்டல் பிறந்த இங்கிலாந்திலேயே வேறொரு பந்தயமும் இருந்தது. இரண்டு கிரேஹவுண்ட் நாய்களை ஒரு முயலின்பின் ஏவி, எது அதிகம் விரட்டித் திருப்புகிறது என்று மதிப்பிடுவர். வாட்டர்லூ கோப்பை என்னும் அப்போட்டி 1836 முதல் 2005 வரை நடந்தது. 2004-இல் இயற்றப்பட்ட வேட்டைச் சட்டத்தினால் அது நின்றது. அங்கும் கூட்டம் ஆர்ப்பரித்தது, கோப்பை வழங்கப்பட்டது. ஒரே வகை வேகம், ஒரே வகைக் கைதட்டல். இடையில் ஓர் உயிர் நடுங்கியதா இல்லையா என்பதே இரண்டுக்கும் உள்ள தொலைவு. அனுமோதனம் என்னும் ஒரு சொல்லுக்குள் இவ்விரண்டு கைதட்டலும் அடங்கும். எதற்குக் கை தட்டினோமோ அதில் நாம் பங்காளிகள். வேட்டைக்கென வந்த வேகத்தை எவ்வுயிர்க்கும் தீங்கின்றிச் செலவிட ஒரு வழி உண்டென்றால், வேகத்தை வெறுப்பதைவிட அவ்வழியைப் போற்றுவதே மேல் என்பது எம் துணிவு.

விலங்குக்கு நல்வழி உண்டா என்னும் ஐயம் நம் சமயத்தில் எழ இடமில்லை. மனமுடைய ஐயறிவு விலங்குகள் ஐந்தாம் குணத்தானமாகிய தேசவிரதம் வரை ஏறலாம் என்பது ஆகமம். நம் மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள திருநறுங்கொண்டைக் குன்றின் படிகளை ஏறி அப்பாண்டைநாதரைச் சென்ற கார்த்திகையில் வணங்கி நின்றபோது இதுவே நினைவில் நின்றது. அங்கே எழுந்தருளியிருக்கும் பார்சுவநாதர் முற்பிறவி ஒன்றில் வச்சிரகோடம் என்னும் காட்டு யானை. வெறிகொண்டு மக்களை மிதித்துத் திரிந்த அது, அரவிந்த முனிவரைக் கண்டு அடங்கி, விரதம் ஏற்று, உலர்ந்த சருகைத் தின்று, பிற விலங்குகள் கலக்கிச் சென்ற நீரையே பருகி வாழ்ந்தது. அந்த யானையின் முதல் நாளை எண்ணிப் பார்த்தோம். பசுந்தழை கண்ணெதிரே அசைய, சருகின்பக்கம் துதிக்கை திரும்பிய முதற்கணம். தீர்த்தங்கரர் ஆவதற்குப் பல பிறவிகள் முன்னே, கானகத்தில், காண்பார் எவருமின்றி நிகழ்ந்த சிறு வெற்றி அது.

மணி ஏற்றது விரதமன்று. பொட்டுக்கடலைக்காகத்தான் அது கொம்புகளிடையே வளைகிறது. இதை மறுத்து நாயைத் துறவியாக்கிப் பேசுவது பொய்யுரைத்தலாகும். ஆனால் நம் குழந்தைகள் முதன்முதல் ஒருவேளை நோன்பிருந்தது எதற்காக? மறுநாள் பாரணையில் கிடைக்கும் இனிப்புக்காக இல்லையா? யாம் அப்படித்தான் தொடங்கினோம். இனிப்பு எப்போது விலகிற்று, நோன்பு எப்போது நின்றது என்று இன்றும் எமக்குத் தெரியாது.

அடிபட்ட மறுநாளிலிருந்து சிறுவன் கொம்புகள் பன்னிரண்டையும் பிடுங்கிவிட்டு இரண்டை மட்டும் நட்டான் என்று பின்னர்க் கேள்விப்பட்டோம். நாய் அவன் கையருகே வரவே ஐந்தாறு நாள் ஆயிற்றாம்.

திருநறுங்கொண்டையிலிருந்து திரும்பும் வழியில் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பிற்பகல். சிறுவனும் நாயும் யாமும் வரப்பில் நடந்துகொண்டிருந்தோம். வெட்டிய கரும்புத் தோட்டத்தின் சருகுக்குள்ளிருந்து ஒரு முயல் எழுந்து ஓடிற்று. மணி பாய்ந்தது. அத்தகைய பாய்ச்சலை யாம் எந்தக் களத்திலும் கண்டதில்லை; கண்ணிமைக்குமுன் பாதித் தோட்டத்தைக் கடந்துவிட்டது. சிறுவன் துரத்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, களத்தில் அழைக்கும் அதே குரலில், "மணி, வா" என்றான். மறுமுறையும் அழைத்தான். நாய் வேகம் தளர்ந்தது, நின்றது, முயல் போன திசையைப் பார்த்தது, எம்மையும் பார்த்தது. அதன் உடல் முழுதும் நடுங்குவது அத்தொலைவிலும் தெரிந்தது. பின்னர்த் தலையைத் தாழ்த்தித் திரும்பி வந்தது.

சிறுவன் நாயைத் தொடுமுன் எம் முகத்தைப் பார்த்தான். "பாதி தூரம் ஓடிட்டுத்தான் நின்னான், தாத்தா" என்றான், குற்றத்தை முந்திக்கொண்டு ஒப்புபவன் போல.

காலம் தாழ்த்தலாகாது என்று அவனே சொல்லியிருந்தான் அன்றோ. "அந்தப் பொட்டுக்கடலையை இப்படிக் கொடு" என்று கை நீட்டினோம். பையில் இருந்த அனைத்தையும் கவிழ்த்தான். வரப்பில் அமர்ந்து யாமே மணிக்கு ஊட்டினோம். எம் உள்ளங்கை நனைந்துபோயிற்று. பன்னிரண்டு கொம்பும் இப்போது வருகின்றனவா என்று கேட்க மறந்தே போயிற்று.